ராஜா இல்லாத கோட்டை: பழைய பிபிசி மைக்ரோவுலருந்து சர்வருக்குள்ள போறது

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். குடியாத்தம் பக்கம் ஒரு ஸ்கூல்ல பழைய சாமான ஏலம் விட்டப்ப பிபிசி மைக்ரோ மாடல் பின்னு 80கள் காலத்து கம்ப்யூட்டர் ஒண்ணு எடுத்திருக்கீங்க, இன்னும் கரண்ட் கூட குடுக்கல, அதுக்குள்ள இதுல இன்டர்நெட் வருமா, நெட்வொர்க் கார்டே இல்லையே, என்னோட கிளவுட் சர்வர்ல இதுலருந்து லாகின் பண்ண முடியுமா, மாமா வீட்ல கெடக்குற கமோடோர் 64 கம்ப்யூட்டர் இத விட பெட்டரா, தமிழ் தெரியுமான்னு வரிசையா கேட்டிருக்கீங்க. எனக்கு தெரிஞ்சு நீங்க உண்மைல கேக்குறது இன்டர்நெட் பத்தி இல்ல. 32 கே மெமரி இருக்குற ஒரு டப்பா, எங்கயோ தூரத்துல இருக்குற பெரிய மெஷினுக்கு கண்ணும் கையுமா மட்டும் இருக்க முடியுமா, அதான் கேள்வி. முடியும். எழுத்து அனுப்பத் தெரியணும், வர எழுத்த சரியான எடத்துல போடத் தெரியணும், அவ்ளோதான் டெர்மினலோட வேலை. எங்க வேலூர கிண்டல் பண்றவங்க ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்னு சொல்லுவாங்க இல்ல, டெர்மினல்னா அந்த கோட்டைதான், செவரு இருக்கும், வாசல் இருக்கும், ராஜா மட்டும் வேற ஊர்ல இருப்பாரு. சாமி விஷயம் இப்போ பொய்யாயிடுச்சு, ஜலகண்டேஸ்வரர் 1981லயே சத்துவாச்சாரிலருந்து கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டாரு, அதே வருஷக் கடைசிலதான் இங்கிலாந்துல உங்க பிபிசி மைக்ரோவும் வெளிய வந்துச்சு.

நான் இன்ஜினியர் இல்ல, ஐடிஐ. 80கள் கடைசிலருந்து ஒரு இருவது வருஷம் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடின்னு தோல் கம்பெனி ஆபீசுங்களுக்கு டெர்மினல் கேபிள் இழுத்து, ரிப்பேர் பாத்தவன். ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின் ஏசி ரூம்ல இருக்கும், அதுலருந்து ஆறு, எட்டு டெர்மினல் வெளிய ஓடும், கிளார்க்குங்க அதுல பில்லு அடிப்பாங்க. அதனால வயரு, வோல்டேஜு, ஸ்பீடு, எஸ்கேப் கோடு இதெல்லாம் நான் கையால தொட்டு சொல்றது. உங்க போர்டு உசுரோட இருக்கா இல்லையாங்கறத இங்கருந்து சொல்ல முடியாது, அத நீங்கதான் பாக்கணும். அந்த மெஷின் ஸ்கூல்லருந்து வந்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, 1984ல மத்திய அரசு கிளாஸ் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சு நாடு பூரா ஸ்கூலுக்கு பிபிசி மைக்ரோதான் குடுத்தாங்க, பாதி ஸ்கூல்ல அது பீரோவுக்குள்ளயே கெடந்துச்சு, அது உங்க அதிர்ஷ்டம்.

மொத வேலை பவர் சப்ளை. இத படிக்காம பிளக்க சொருகிடாதீங்க. அந்த பவர் சப்ளைக்குள்ள மெயின்ஸ் லைனுக்கு குறுக்க ரிஃபா கம்பெனி கெபாசிட்டர் இருக்கும், மஞ்சளா கண்ணாடி மாதிரி தெரியும், உள்ள காகிதம். வருஷம் ஆக ஆக மேல் ஓடு நரம்பு நரம்பா வெடிச்சு ஈரத்த உறிஞ்சிக்கும், நாப்பது வருஷம் கழிச்சு 230 வோல்ட் குடுத்தா பத்து நிமிஷமோ அர மணி நேரமோ கழிச்சு டப்புன்னு வெடிச்சு வீடு பூரா நாத்தம் புடிச்ச பொகை. மெஷின் செத்துடாது, ஆனா வீட்ல உங்க மானம் போயிடும். அதே அளவுல புது எக்ஸ்2 வகை கெபாசிட்டர் ரெண்டு போடுங்க, விலை ஒரு டீ செலவுதான். இது தெரியலன்னா தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க, பவர் சப்ளைக்குள்ள பெரிய கெபாசிட்டர்ல பிளக்க புடுங்கின அப்புறமும் கரண்ட் நிக்கும். மாத்திட்டு ஆன் பண்ணா தாழ்ந்த சத்தம் ஒண்ணு ஆரம்பிச்சு உடனே பீப்னு ஏறி நிக்கணும். அந்த தாழ்ந்த சத்தம் நிக்காம ஓடிகினே இருந்தா உள்ள ஏதோ எந்திரிக்கலன்னு அர்த்தம், டெர்மினல் கதைய அப்பறம் பேசலாம்.

இப்போ வயரு. மெஷின் பின்னாடி ஆர்எஸ்423னு எழுதி அஞ்சு ஓட்டை இருக்கும், லூடோ பகடைல அஞ்சு மாதிரி, நாலு மூலைல நாலு, நடுவுல ஒண்ணு. இந்த பிளக்குல ஒரு வில்லங்கம், தலகீழா திருப்பினாலும் அழகா உள்ள போய் உக்காந்துக்கும். டேட்டா லைன் போக வேண்டிய எடத்துக்கு கண்ட்ரோல் லைன் போயிடும், ஒண்ணும் எரியாது, ஆனா ஒண்ணும் வரவும் வராது, நீங்க ரெண்டு நாள் சாஃப்ட்வேர தேடிகினு இருப்பீங்க. வேலை செய்யுற பக்கம் எதுன்னு தெரிஞ்சதும் மேல நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வெச்சிடுங்க. ஆர்எஸ்423யும் சாதாரண ஆர்எஸ்232வும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும், அதனால கம்ப்யூட்டர் பக்கம் ஒம்போது பின் வெச்ச யூஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒண்ணு போதும். ஆனா இத ராஸ்பெரி பையோட பின்னுல நேரா மாட்டிடாதீங்க. இந்த லைன்ல பிளஸ் அஞ்சு மைனஸ் அஞ்சு வோல்ட் ஆடும், பை தாங்குறது 3.3 வோல்ட், மைனஸ்ங்கறதே அதுக்கு தெரியாது. அடாப்டர் வாங்குறப்போ ரெண்டு காசு கூட குடுத்து எஃப்டிடிஐ சிப்பு வெச்சதா பாத்து வாங்குங்க, ரொம்ப மலிவா வரதுல பாதி, நிறுத்துன்னு சொல்ற லைன கண்டுக்கவே கண்டுக்காது. வாங்கினதும் மொதல்ல அடாப்டர்ல ரெண்டாவது பின்னையும் மூணாவது பின்னையும் ஒரு கம்பியால சேத்துட்டு டைப் அடிச்சு பாருங்க, அடிச்ச எழுத்து திரும்பி வந்தா அடாப்டர் ஓகே. அப்புறம் கேபிள்ல நீங்க அனுப்புறது அவங்க வாங்குற பின்னுக்கு போவணும், அவங்க அனுப்புறது உங்களுக்கு வரணும், அனுப்பு, நிறுத்துன்னு சொல்ற ஆர்டிஎஸ் லைன், எதிர்ல அத கேக்குற சிடிஎஸ்ஸுக்கு போவணும், கிரவுண்டு நேருக்கு நேர். நான் பாத்த நூறு கம்ப்ளெயின்ட்ல எண்பது இந்த கிராஸ் தப்பா போட்டதுதான். மீதி இருவது இடி. ராணிப்பேட்டைல ஒரு ஆபீஸ்ல இந்த பில்டிங்லருந்து அந்த பில்டிங்குக்கு வெளிய கேபிள் இழுத்து வெச்சிருந்தாங்க, ரெண்டு பில்டிங்குக்கும் எர்த்து வேற வேற, கோடை மழை ஒவ்வொண்ணுக்கும் சீரியல் லைன ஓட்டுற 1488, 1489 சிப்பு ரெண்டும் போயிடும், ரிச்சி ஸ்ட்ரீட்ல டஜன் கணக்குல வாங்கி சட்டைப் பையிலயே வெச்சிருப்பேன். வாட்ச்மேன் கேப்பாரு, "இன்னாபா, மானம் கறுக்கும்போதே வந்துட்ட?" உங்களுக்கு ஒரு ரூமுக்குள்ள மூணு மீட்டர் கேபிள், அந்த தலைவலி இல்ல.

ஸ்பீடு. சீரியல் லைன்ல ஒரு எழுத்துக்கு 8 பிட் டேட்டா, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, ஆக 10 பிட். செகண்டுக்கு 9600 பிட் ஸ்பீடுல ஓட்டினா செகண்டுக்கு 960 எழுத்து. 80 காலம், அதாவது ஒரு வரிக்கு 80 எழுத்து, 24 வரி ஸ்கிரீன்னா 1920 எழுத்து, ஒரு பக்கம் ரொம்பறதுக்கு ரெண்டு செகண்ட். 1200ன்னா 16 செகண்ட். 300ன்னா ஒரு நிமிஷத்துக்கு மேல, நீங்க படிக்கிற வேகத்த விட கொஞ்சம்தான் ஜாஸ்தி. பிபிசில *எஃப்எக்ஸ் (*FX) 7,7ன்னும் *எஃப்எக்ஸ் 8,7ன்னும் கமாண்டு குடுத்தா வாங்குறதும் அனுப்புறதும் 9600. கடைசி நம்பர் 4 ஆனா 1200, 8 ஆனா 19200. மொதல்ல 1200ல ஆரம்பிங்க, எல்லாம் சரியா வந்த அப்புறம் 9600க்கு ஏறுங்க, 19200 பக்கம் போகாதீங்க. பிபிசி ஓஎஸ் வர எழுத்த 256 எழுத்து புடிக்கிற ஒரு பஃபர்ல வெச்சிக்கும், அது ரொம்பப் போறப்போ ஆர்டிஎஸ் லைன மாத்தி நிறுத்துன்னு சொல்லும், எதிர்ல இருக்குற லினக்ஸ் மெஷின் அத கேக்கணும், அதாவது ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல ஆன் பண்ணி வெச்சிருக்கணும். இல்லன்னா என்ன ஆகும்னா சின்ன சின்ன கமாண்டுக்கு எல்லாம் பிரமாதமா இருக்கும், பெரிய ஃபைல் ஒண்ண காட்டச் சொன்னதும் நடு நடுவுல எழுத்து முழுங்கி வார்த்தை ஒடஞ்சு வரும், மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனப்பீங்க.

சாஃப்ட்வேர் எப்படி உள்ள ஏத்துறதுன்னு அடுத்தது கேப்பீங்க, ஃபிளாப்பி டிரைவ் உங்க கிட்ட இல்ல. இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்குது, எனக்கு ரொம்ப புடிச்சது. *எஃப்எக்ஸ் 2,1ன்னு அடிச்சா பிபிசி கீபோர்ட விட்டுட்டு சீரியல் லைன்லருந்து வரத கீபோர்டா நெனச்சிக்கும். லினக்ஸ் பக்கத்துலருந்து ஒரு பேசிக் புரோகிராம் லிஸ்ட்ட வெறும் டெக்ஸ்ட்டா மெதுவா அனுப்பினீங்கன்னா கண்ணுக்குத் தெரியாத ஆளு ஒருத்தன் உக்காந்து டைப் அடிக்கிற மாதிரி வரி வரியா ஏறும். கேசட்டா செல்ஃபோன்லருந்து ஆடியோ குடுத்தும் ஏத்தலாம், ஆனா கேசட்டும் சீரியலும் உள்ள ஒரே சிப்ப பங்கு போட்டுக்குது, ஒரே நேரத்துல ரெண்டும் ஓடாது, அத மனசுல வெச்சிக்கங்க. ரோம் (புரோகிராம் எழுதி வெச்ச சிப்பு) சாக்கெட் காலியா இருந்தா டெர்மினல் ரோம் ஒண்ணு போட்டுக்கறதுதான் நிரந்தர வழி, பிபிசி மைக்ரோவ செஞ்ச ஏகார்ன் கம்பெனியே டெர்முலேட்டர்னு ஒண்ணு விட்டாங்க, கொலம்பியா யுனிவர்சிட்டில 1981ல பொறந்த கெர்மிட்ங்கற புரோகிராமுக்கும் பிபிசி ரோம் உண்டு, அதுல ஃபைலும் அனுப்பி வாங்கலாம்.

அடுத்தது பாஷை, இங்கதான் நெறைய பேரு கைய விரிச்சிட்டு போயிடறாங்க. தூரத்துல இருக்குற மெஷின் கர்சர அஞ்சாவது வரி பத்தாவது காலத்துக்கு கொண்டு போன்னு சொல்லணும்னா எப்படி சொல்லும்? விடி100ங்கற பழைய டெர்மினலோட பாஷைல எஸ்கேப், ஒரு சதுர அடைப்புக்குறி, 5, அரைப்புள்ளி, 10, எச், ஆக ஏழு எழுத்து. அதுக்கு முந்தின விடி52 பாஷைல எஸ்கேப், ஒய், அப்புறம் ரெண்டே எழுத்து, வரியையும் காலத்தையும் சைபர்லருந்து எண்ணி 32 கூட்டி அனுப்பும், மொத்தம் நாலு. மெதுவான லைன்ல அந்த மூணு எழுத்தே லாபம். உங்க டெர்மினல் புரோகிராம் விடி52 மட்டும் பேசி, லினக்ஸ் நீங்க விடி100ன்னு நெனச்சிக்கினு இருந்தா ஸ்கிரீன் பூரா 5;10எச்னு குப்பையா வரும். அத பாத்து ஸ்பீடு தப்புன்னு நெனக்காதீங்க. ஸ்பீடு தப்புன்னா எழுத்தே வேற வேறயா கன்னாபின்னான்னு வரும், பாஷை தப்புன்னா வார்த்தையெல்லாம் சுத்தமா வந்து நடுவுல நம்பரும் அடைப்புக்குறியும் மட்டும் சிந்திக் கெடக்கும். இந்த ரெண்டையும் கண்ணால பிரிக்க கத்துக்கினா பாதி ரிப்பேர் முடிஞ்சுது. லினக்ஸ்ல லாகின் ஆனதும் டெர்ம் (TERM) வேரியபிள விடி52ன்னு மாத்திடுங்க, 24 வரி 80 காலம்னு எஸ்டிடிஒய் (stty) கமாண்டால சொல்லிடுங்க, ஏன்னா சீரியல் லைன்ல உங்க ஸ்கிரீன் எவ்ளோ பெருசுன்னு அதுக்கு தானா தெரியாது. கலர் பிராம்ப்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க.

ஸ்கிரீன் மோடும் பாருங்க. ஆன் பண்ணதும் வர மோட் 7ல 40 காலம்தான், அது டிவில எழுத்து சேதி காட்டுற டெலிடெக்ஸ்ட்டுக்கு செஞ்ச சிப்பு, சதுர அடைப்புக்குறி அடிச்சா அம்புக்குறி காட்டும், வளைவு அடைப்புக்குறிக்கு கால், முக்கால்னு பின்னம் காட்டும். அதுல சி புரோகிராம் படிக்கிறது காய்கறி ரசீது படிக்கிற மாதிரி. மோட் 3க்கு போங்க, 80 காலம் 25 வரி, மெமரில 16 கே புடுங்கிக்கும், டெர்மினலுக்கு மீதி போதும். ஆனா டிவி ஆன்டெனா சாக்கெட்ல மாட்டினா 80 காலம் படிக்க முடியாது, மசமசன்னு இருக்கும், கண்ணு போயிடும். ஆர்ஜிபி சாக்கெட்லருந்து எடுங்க, சாதாரண விஜிஏ மானிட்டர் இந்த 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல ஏத்துக்காது, நடுவுல கன்வர்ட்டர் வேணும். இதுல மட்டும் கொஞ்சம் செலவாகும்.

சரி, கிளவுட் சர்வர். எஸ்எஸ்ஹெச்ச (SSH, தூரத்து மெஷினுக்குள்ள பூட்டு போட்டு லாகின் ஆகுற வழி) பிபிசிலயே ஓட்டுறது ஆகாத கதை. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர், அந்த சாவி பரிமாற்றக் கணக்க போட்டு முடிக்கிறதுக்குள்ள சர்வர் கடைய சாத்திடும், அது சாதாரணமா ரெண்டு நிமிஷம்தான் லாகினுக்கு காத்திருக்கும். அதனால நடுவுல ஒரு ஆள் வேணும். சில பேரு ஈஎஸ்பி8266 சிப்பு வெச்ச வைஃபை மோடம் வாங்குவாங்க, பழைய ஹேஸ் மோடம் மாதிரி ஏடிடிடின்னு போட்டு நம்பருக்கு பதிலா அட்ரஸ் அடிச்சா கனெக்ட் ஆகும், ஜாலியா இருக்கும், ஆனா அது பெரும்பாலும் டெல்நெட்டுதான், உங்க பாஸ்வேர்டு போஸ்ட்கார்டுல எழுதி அனுப்பின மாதிரி தெறந்தபடி போகும். பொது பிபிஎஸ் (டெக்ஸ்ட்ல ஓடுற நோட்டீஸ் போர்டு) பாக்கறதுக்கு அது ஓகே, உங்க சொந்த சர்வருக்கு வேணாம். பழைய லேப்டாப்போ ராஸ்பெரி பையோ ஒண்ண நடுவுல வெச்சு, அதோட சீரியல் போர்ட்டுல லாகின் கேக்குற கெட்டி (getty) புரோகிராம ஓட விடுங்க, பிபிசிலருந்து அதுக்குள்ள போயி, அங்கருந்து எஸ்எஸ்ஹெச் அடிங்க. டெர்ம் டைப்பையும் ஸ்கிரீன் அளவையும் எஸ்எஸ்ஹெச்சே அந்தப் பக்கம் சொல்லிடும். இது ஏமாத்து வேலைன்னு உங்களுக்கு தோணலாம். 1995 ஆகஸ்ட் 15ல விஎஸ்என்எல் இன்டர்நெட் குடுக்க ஆரம்பிச்சப்போ ஷெல் அக்கவுன்ட் வாங்கினவங்க எல்லாரும் இதத்தான் செஞ்சாங்க, அவங்க கம்ப்யூட்டர் இன்டர்நெட்ல இல்லவே இல்ல, விஎஸ்என்எல் மெஷின்தான் இருந்துச்சு, இவங்க மோடம்ல அதுக்கு டெர்மினலா உக்காந்திருந்தாங்க. நான் காட்பாடிலருந்து சென்னைக்கு எஸ்டிடி போட்டு, ராத்திரி ரேட்டு கொறஞ்ச அப்பறம், 2400 மோடம்ல மெயில் படிச்சவன். பில்லு வந்த அன்னிக்கு எங்க நைனா ஒரு வார்த்தை பேசல, அதான் பயமா இருந்துச்சு.

மாமாவோட கமோடோர் 64 பத்தி சுருக்கமா சொல்லிடறேன். கேம் ஆட அது ராஜா, டெர்மினலுக்கு உங்க பிபிசிதான் மேல. அதுல 40 காலம், சீரியல்னு தனி சிப்பு கிடையாது, யூசர் போர்ட்டுல பிராசசரே ஒவ்வொரு பிட்டா எண்ணி அனுப்பும், 1200 நம்பலாம், 2400 தள்ளாடும், 9600 வேணும்னா தனியா கேபிள வேற மாதிரி கட்டி அதுக்குன்னு எழுதின புரோகிராம் போடணும். வெளிய வரது 0வும் 5வும் வோல்ட், அதுல ஆர்எஸ்232 கேபிள நேரா மாட்டினா சிப்பு போயிடும், நடுவுல வோல்டேஜ் மாத்துற மேக்ஸ்232 சிப்பு ஒண்ணு வேணும். எழுத்துலயும் பெருசு சின்னது மாறிக் கெடக்கும், கீபோர்டுல பைப் குறியும் வளைவு அடைப்புக்குறியும் இல்ல, யூனிக்ஸ்ல பைப் குறி இல்லாம எப்படி குடும்பம் நடத்துறது. அந்த மெஷினோட ஒரிஜினல் அடாப்டரயும் நம்பாதீங்க, 5 வோல்ட் லைன் ஏறிப்போயி மெமரி சிப்ப காலி பண்ணும், மீட்டர் வெச்சு பாத்துட்டு மாட்டுங்க.

தமிழ். லினக்ஸ்லருந்து யூனிகோட் தமிழ் அப்படியே அனுப்பினா குப்பைதான், ஆனா அது என்ன குப்பைன்னு பாத்தா சிரிப்பு வரும். யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ் குறிக்கும் 3 பைட், அம்மாங்கற வார்த்தைக்கு 5 குறி, 15 பைட். இதுல புள்ளிக்கு இருக்குற கடைசி பைட்டோட தலை பிட்ட வெட்டினா, 7 பிட் டெர்மினல் அததான் பண்ணும், கிடைக்கிறது கேரேஜ் ரிட்டர்ன். அதாவது ஒவ்வொரு மெய்யெழுத்து வரும்போதும் கர்சர் வரி ஆரம்பத்துக்கு ஓடிப்போயி ஏற்கெனவே எழுதினது மேலயே எழுதும். விடி220ங்கற டெர்மினல்ல 8 பிட்டா போனா அதே புள்ளி கர்சர ஒரு வரி மேல ஏத்தும். புள்ளி வெச்ச எழுத்து இல்லாம தமிழ்ல ரெண்டு வரி எழுத முடியுமா, அதனால ஸ்கிரீன் கூத்தாடும். வழி என்னன்னா, நடு மெஷின்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி தமிழ ஆங்கில எழுத்துல மாத்தி அனுப்பறது, அத ஒரு நாள்ல பண்ணிடலாம். பிபிசில எழுத்து உருவத்த நாமளே 8க்கு 8 கட்டத்துல வரைஞ்சுக்கவும் முடியும், நான் உக்காந்து வரைஞ்சு பாத்தேன், க, ட, ப எல்லாம் அழகா வந்துச்சு, ஞ, ணை, ளூ வரப்போ எட்டு புள்ளி அகலத்துல மூச்சு முட்டிச்சு, ரெண்டு கட்டம் எடுத்தாதான் படிக்க முடியுது, அப்போ கர்சர் கணக்கு எல்லாம் தப்பும். பொழுதுபோக்கா பண்ணலாம், மெயில் படிக்க ஆகாது.

இது எதுக்கெல்லாம் உதவும்னு பாத்தா, வி (vi) எடிட்டர்ல எழுதறது, ஐஆர்சின்ற டெக்ஸ்ட் சாட், டெக்ஸ்ட் மெயில், மானிட்டர் இல்லாத சர்வருக்கு கன்சோல். சிஸ்கோ ரவுட்டரோட கன்சோல் போர்ட்டு இன்னிக்கும் 9600ல, 8 பிட்டு, பேரிட்டி இல்லாமதான் வருது, உங்க நாப்பது வருஷத்து பிபிசி அதுக்கு அப்படியே பொருந்தும்.

கெபாசிட்டர் மாத்தின அப்பறம் போர்டுல என்ன இஷ்யூ நம்பர் (போர்டோட வெர்ஷன்) போட்டிருக்குன்னு போட்டோ எடுத்து போடுங்க, எந்த ரோம் எந்த சாக்கெட்ல போடறதுன்னு பாத்து சொல்றேன். கேபிள் எல்லாம் சரி பண்ணி, லாகின்னு வந்து, பேரும் பாஸ்வேர்டும் சரியா அடிச்சும் தப்புன்னு சொல்லிச்சுன்னா கீபோர்டுல கேப்ஸ் லாக் லைட்ட பாருங்க. பிபிசி மைக்ரோ ஆன் பண்ணும்போதே கேப்ஸ் லாக்க போட்டுக்கினுதான் எந்திரிக்கும். பழைய யூனிக்ஸ்ல இன்னும் மோசம், பேர பெரிய எழுத்துல அடிச்சா இந்த டெர்மினலுக்கு சின்ன எழுத்தே தெரியாது போலன்னு முடிவு பண்ணி அப்புறம் வரத எல்லாம் பெரிய எழுத்துலயே காட்டும். ஆம்பூர்ல ஒரு கிளார்க்கம்மா மெஷின் தன்ன கத்துதுன்னு கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்தாங்க, நான் பஸ் புடிச்சு போயி ஒரே ஒரு பட்டன தட்டிட்டு திரும்பி வந்தேன்.